முள்ளை வெல்லும் ரயர்



துவிச்சக்கர வண்டியின் உறுப்புக்களுள் நிலத்தைத் தொடுவது ஒன்றே ஒன்று, அதுவே ரயர். வண்டியின் பாரம், அதில் ஏறியிருப்பவரின் பாரம், பின்னே கரியரில் கட்டிய அரிசி மூட்டையின் பாரம் ஆகிய யாவற்றையும், நாலைந்து பெருவிரல் அடையாளங்களைச் சேர்த்து வைத்தாற் போன்ற ஒரு சிறு பரப்பே தாங்கி நிற்கின்றது. ஆயினும் சைக்கிள் வாங்கப் புறப்படுவோர் வண்டியின் நிறத்தைப் பார்ப்பர். மணியை அடித்துப் பார்ப்பர். ஆசனத்தை அழுத்திப் பார்ப்பர். ரயரைக் குனிந்து நோக்குவோர் மிகச் சிலரே. பழைய ரயர் தேய்ந்து புதியது வாங்கும்போதும், "எது மலிவு?" என்பதே முதற் கேள்வியாகின்றது.

கலைத்துறையிற் பட்டம் பெற்று, பாடசாலை நடத்தும் ஒருவருக்கு ரயரைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நீங்கள் வினவலாம். அந்த உரிமையை எனக்குத் தந்தது வரவுப் பதிவேடு. தென்மராட்சியில் எங்கள் மாணவர் பலர் கச்சாய், மட்டுவில், சரசாலை, மீசாலை, கைதடி ஆகிய ஊர்களிலிருந்து சைக்கிளிலே சாவகச்சேரிக்கு வருகின்றனர். காலை மணி அடித்தபின் வாயிலில் நிற்கும் பிள்ளையை ஏன் பிந்தினாய் என்று கேட்டால், அடிக்கடி கிடைக்கும் விடை, "சேர், சைக்கிள் காத்துப் போட்டுது" என்பதே. காலையில் அது ஒரு பாடவேளையின் இழப்பு. மாலையில், தனியார் வகுப்பு முடிந்து இருள் சூழும் நேரத்தில், வயல்வெளியும் பனங்கூடலும் உள்ள ஆளரவமற்ற தெருவிலே ஒரு பெண்பிள்ளை காற்றில்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதாயின், அது பெற்றாரின் நெஞ்சிலே நெருப்பு. இத்தகைய மாலைகள் இரண்டு மூன்று கழிந்தால், "இனி அந்த வகுப்புக்குப் போக வேண்டாம்" என்ற தீர்ப்பு வீட்டிலே பிறந்துவிடும். ஆகவே ரயர் என்பது சைக்கிள் திருத்துபவருக்கு மட்டும் உரிய விடயம் அன்று; கல்வியோடும் தொடர்புடையது.

நமது குடாநாட்டில் சைக்கிளின் அருமையை எடுத்துக் கூறவேண்டிய தேவை இல்லை. 1990 ஆம் ஆண்டின் பின் பெற்றோல் வடக்கே வருவது தடைப்பட்ட காலத்தில், மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய சில மோட்டார் வண்டிகளைத் தவிர, மக்களைச் சுமந்தது சைக்கிளே. மின்சாரம் இல்லாத அந்நாட்களில் சைக்கிளின் டைனமோவைச் சுழற்றியே பலர் வானொலி கேட்டனர். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் நாவற்குழி வழியாகவும் கைதடி வழியாகவும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, வீட்டுப் பொருள்களையும் முதியோரையும் ஏற்றித் தள்ளி வரப்பட்ட சைக்கிள்கள் எண்ணில. பின்னர் 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, கொழும்பு நகரத்தாரும் சைக்கிளைத் தேடினர். நமக்கு அது புதிய பாடம் அன்று.

காற்றடைத்த ரயரின் வரலாறு சுவையானது. 1845 ஆம் ஆண்டிலேயே ரொபேர்ட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொட்லாந்தியர் காற்றடைத்த சில்லுக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். ஆனால், காலத்துக்கு முந்திய அக்கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. 1887 ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் போய்ட் டன்லப், தம் மகன் ஓட்டிய மூன்று சில்லு வண்டி கல்தெருவில் அதிர்வதைக் கண்டு, இறப்பர்க் குழாயிற் காற்றை அடைத்துச் சில்லைச் சுற்றிக் கட்டிப் பார்த்தார். 1888 இல் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அடுத்த ஆண்டே அத்தகைய ரயர் பூட்டிய சைக்கிளில் வில்லியம் ஹியூம் என்னும் வீரர் பந்தயங்களை வென்று காட்டினார்.

புதுமையோடு புதிய துன்பமும் பிறந்தது. திண்மமான இறப்பர்ச் சில்லுக்கு முள்ளைப் பற்றிய கவலை இல்லை. காற்றடைத்த சில்லுக்கோ முள்ளே பகை. அக்காலத்து ரயர் சில்லோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தபடியால், ஒரு சிறு துளையை அடைக்கவும் பல மணி நேரம் சென்றது. ஒட்டிய பசை உலர மேலும் ஓர் இரவு வேண்டியிருந்தது. இத்துன்பத்தைக் கண்ட பிரான்சு நாட்டு மிசலின் சகோதரர், 1891 ஆம் ஆண்டில் கழற்றிப் பூட்டத்தக்க ரயரை வெளியிட்டனர். இன்று நாம் தெருவோரத்தில் அரைமணி நேரத்தில் ரியூப்பை ஒட்டிப் புறப்படுகின்றோம் என்றால், அது அவ்வழி வந்த வசதியே. இதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ தாவரத் தோட்டம் சென்ற வித்துக்களில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, கம்பகாவுக்கு அண்மையிலுள்ள கெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. டன்லப் தம் சோதனையைத் தொடங்குமுன்னரே மரம் இங்கே வளர்ந்துகொண்டிருந்தது.

இனி ரயரின் உடலமைப்பைப் பார்ப்போம். அதனை மூன்று பகுதிகளாகக் கொள்ளலாம். விளிம்பிலே ஓடும் உருக்குக் கம்பி ஒன்று; அது ரயரை றிம்மிலே பிடித்து வைப்பது. அக்கம்பியைச் சுற்றி விரிந்து கிடக்கும் நூற்படை இரண்டாவது. முற்காலத்தில் அது பருத்தி நூல், இக்காலத்தில் பெரும்பாலும் நைலோன். நூற்படையின் மேல் போர்த்திய இறப்பர் மூன்றாவது. இறப்பரோடு கரித்தூள் கலந்திருப்பதனாலேயே ரயர் கறுப்பாயிருக்கின்றது. அக்கரித்தூள் நிறத்துக்காகச் சேர்ப்பது அன்று, தேய்மானத்தைத் தாங்குவதற்காகச் சேர்ப்பது. காற்றின் அமுக்கத்தைத் தாங்குவது நூற்படை. தெருவின் உராய்வைத் தாங்குவது மேலிறப்பர். இரண்டில் எது நலிந்தாலும் ரயரின் ஆயுள் முடிந்தது.

காற்றுப் போவதற்குக் காரணம் ஒன்றல்ல, நான்கு. நோயை அறியாது மருந்து கொடுத்தல் தகாது ஆதலின், அவற்றைத் தனித்தனியே அறிவது நன்று.

முதலாவது குத்து. நமது ஒழுங்கைகளிலே நெருஞ்சிக்காய் காய்ந்து கிடக்கின்றது. அதன் ஒவ்வொரு துண்டும் எப்பக்கமாக விழுந்தாலும் ஒரு முள் மேனோக்கி நிற்கும்படி இயற்கை அதனை அமைத்திருக்கின்றது. வேலியிலிருந்து விழும் உடைமுள்ளும் விடத்தல்முள்ளும், பனைமட்டையின் கருக்கும், முட்கம்பித் துண்டும், ஆணியும் அதன் உறவினர். முள்ளின் நுனி மிகச் சிறியது. பெரும்பாரம் முழுவதும் அச்சிறு நுனியிலே குவிவதனாலேயே மெல்லிய முள்ளும் தடித்த இறப்பரைத் துளைக்கின்றது.

இரண்டாவது வெட்டு. உடைந்த போத்தற் துண்டும் கூரிய கருங்கற் சல்லியும் இறப்பரைக் கிழித்து உள்ளே புதைந்து, சில்லு சுழலுந்தோறும் சிறிது சிறிதாக முன்னேறி, சில நாள் கழித்தே ரியூப்பை அடைகின்றன. மாரிகாலத்தில் இத்துன்பம் மிகும். ஈரமான இறப்பர் எளிதில் வெட்டுப்படும்; வெள்ளமும் குப்பையைத் தெருவோரத்துக்கு, அதாவது சைக்கிள் ஓடும் இடத்துக்கே, அள்ளிக்கொண்டு வரும்.

மூன்றாவது நசிவு. காற்றுக் குறைந்த சில்லு பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது, ரியூப் தெருவுக்கும் றிம்முக்கும் இடையே அகப்பட்டு நசியும். அப்போது பாம்பு கடித்தாற்போல அருகருகே இரு துளைகள் தோன்றும். இவ்விரு துளைகளைக் காண்பவர் முள்ளைத் தேட வேண்டியதில்லை; குற்றம் காற்றடிக்காமையே.

நான்காவது உட்பகை. றிம்மின் உட்பக்கத்தில் கம்பிகளின் முனைகளை மூடியிருக்கும் நாடா விலகினாலோ இற்றுப்போனாலோ, கம்பியின் முனையே ரியூப்பைக் குத்தும். வால்கட்டையில் மாட்டியிருக்கும் மெல்லிய இறப்பர்க் குழாய் வெடித்தாலும் காற்றுக் கசியும். இவ்விரண்டுக்கும் உலகத்திலேயே விலையுயர்ந்த ரயரை வாங்கினாலும் பயன் இல்லை.

முள்ளுக்கும் கண்ணாடிக்கும் எதிராக உற்பத்தியாளர் கையாளும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. மேலிறப்பருக்கும் நூற்படைக்கும் இடையே வலிய நாரால் நெய்த ஒரு பட்டியை வைப்பது ஒரு வழி. 1965 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு டூபொன் நிறுவனத்தில் ஸ்ரெபனி குவொலெக் என்னும் பெண் விஞ்ஞானி கண்டுபிடித்த கெவ்லார் நார் இதற்குப் பயன்படுவது. குண்டு துளைக்காத மேலங்கி செய்வதும் இந்நாரினாலேயே. இப்பட்டி மெல்லியது, பாரம் குறைந்தது, கண்ணாடி வெட்டை நன்கு தடுப்பது. ஆனால் ஊசி போன்ற முள் நெய்த நூல்களின் இடையே புகுந்து செல்லவும் கூடும். மற்றைய வழி, தடித்த, நெகிழ்வான இறப்பர்ப் பட்டியை இடையே வைப்பது. ஜெர்மனியின் சுவால்பே நிறுவனத்து மரதன் பிளஸ் என்னும் ரயரில் இப்பட்டி 5 மில்லிமீற்றர் தடிப்புள்ளது. அதிலே குத்திய முள் ரியூப்பைச் சென்றடையுமுன் அதன் நீளம் முடிந்துபோகும். எங்கள் பகுதியின் பகை பெரும்பாலும் முள்ளே ஆதலின், நாளாந்தப் போக்குவரத்துக்குத் தடிப்பே சிறந்த காப்பு என்பது என் கருத்து.

ஆயினும் விலை கொடாமற் பெறும் வரம் எதுவும் இல்லை. ரயர் தடிக்கத் தடிக்கப் பாரம் கூடும். உருளும்போது மடங்கி விரியும் இறப்பர் மிதிப்பவரின் வலுவிலே ஒரு பங்கை வெப்பமாக விழுங்கிவிடும். கரியரில் புத்தகப் பையோடு பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு இதனால் ஒன்றிரண்டு நிமிடமே நட்டம். பந்தயத்துக்குப் பயிலும் இளைஞனோ அந்த நிமிடத்துக்காகவே பாடுபடுகின்றான். அவன் செய்யத்தக்கது யாதெனின், பந்தய நாளுக்கு மெல்லிய ரயரும் பயிற்சிக்குப் பட்டி வைத்த தடித்த ரயருமாக இரண்டு சோடி வைத்திருத்தல். பயிற்சியில் முக்கியமானது வேகம் அன்று, இடையறாமை. கண்டி வீதியிலே விடியற்காலையிற் புறப்பட்டவன் மிருசுவிலில் இறங்கி ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தால் அன்றைய பயிற்சி வீணாயிற்று. பாரமான ரயரோடு பழகிய காலுக்குப் பந்தய நாளின் இலேசான ரயர் ஒரு பரிசு போலவும் அமையும்.

கடைக்குப் போகுமுன் அளவை அறிதல் வேண்டும். ரயரின் பக்கத்தில் அங்குலத்தில் எழுதிய அளவு பலரை ஏமாற்றுகின்றது. 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் ஒன்றோடொன்று பொருந்தாத பல ரயர்கள் உள்ளன. அதன் அருகே இடையிற் கோடிட்ட இரண்டு எண்கள் இருக்கும், முதலெண் ரயரின் அகலம், இரண்டாமெண் றிம்மில் ரயர் அமரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். நமது பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½ என்னும் அளவு 40-635 ஆகும். 26 × 1⅜ என்பது 37-590. மலைச் சைக்கிளின் 26 அங்குலச் சில்லோ 559. பந்தயச் சைக்கிளின் சில்லு 622. இரண்டாமெண் ஒத்திருந்தாலன்றி ரயர் பொருந்தாது; வற்புறுத்திப் பூட்டினால் ஆபத்தே விளையும். முதலெண் சிறிது மாறலாம். முன்கவருக்கும் மட்காட்டுக்கும் இடையே இடமிருந்தால், ஒரு படி அகலமான ரயர் நம் தெருக்களுக்கு நல்லது. அகலமான ரயர் குறைந்த அமுக்கத்திலேயே பாரத்தைத் தாங்கும். பள்ளத்தில் நசிவதும் அரிது.

ரயரைக் கையில் எடுத்ததும் நடுப்பகுதியை விரல்களால் அழுத்திப் பாருங்கள். தடிப்பு அங்கே இருக்கவேண்டும், பக்கத்தில் அன்று. பக்கத்தை மெல்ல மடித்துப் பாருங்கள். மயிர்போன்ற வெடிப்புக்கள் தெரிந்தால் அது கடையிலேயே முதுமை அடைந்த ரயர். வெயிலும் காற்றிலுள்ள ஓசோன் வாயுவும் இறப்பரை வெடிக்கச் செய்பவை. ஆகையால் கடைவாசலில் மாதக்கணக்காக வெயிலிலே தொங்கிய ரயரை மலிவு என்று வாங்குவது அறிவுடைமை ஆகாது. ஆழமான பூவேலைகளைக் கண்டும் மயங்க வேண்டாம். மோட்டார் காரின் ரயருக்கு நீரை ஒதுக்கத் தவாளிகள் வேண்டும்; சைக்கிளின் ஒடுங்கிய ரயர் தார்த் தெருவிலே அவை இன்றியும் நன்றாகப் பிடிக்கும். மணல் ஒழுங்கையில் ஓடுவோருக்கே பூவேலை உதவும். தார்த் தெருவில் அவ்விடுக்குகள் கூர்ங்கற்களைப் பிடித்துவைக்கும் பொறியாகவும் மாறலாம்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5 கிலோமீற்றர் தூரத்திலிருந்து வரும் பிள்ளை ஆண்டொன்றில் ஏறக்குறைய 200 நாள் பாடசாலைக்கு வந்தால் 2000 கிலோமீற்றர் ஓடுகின்றது. மாலை வகுப்பும் சேர்ந்தால் 3000 ஆகும். சாதாரண இலேசான ரயர் 2000 முதல் 5000 கிலோமீற்றர் வரையும், தடித்த பட்டி வைத்த வகை 6000 முதல் 12,000 கிலோமீற்றர் வரையும் உழைக்கும் என்பது உற்பத்தியாளர் கூறும் கணக்கு. ஆகவே இருமடங்கு விலை கொடுத்து வாங்கிய ரயர் இருமடங்குக்கு மேல் உழைக்குமாயின், அதுவே மலிவானது. ஒவ்வொரு முறை காற்றுப் போகும்போதும் ஒட்டக் கொடுக்கும் கூலியையும், தினக்கூலிக்குச் செல்வோர் இழக்கும் அரைநாட் சம்பளத்தையும் இக்கணக்கிற் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ரயரையும் ஒருங்கே மாற்ற வசதி இல்லாதவர், நல்ல ரயர் ஒன்றை வாங்கலாம். பாரத்தின் பெரும்பங்கைத் தாங்கி விரைவில் தேய்வது பின்ரயர். அது தேய்ந்ததும், முன்னாலிருப்பதைப் பின்னுக்கு மாற்றிப் புதியதை முன்னாற் பூட்டுவதே முறை. முன்சில்லு திடீரென்று காற்றிழந்தால் வண்டியைக் கட்டுப்படுத்துவது கடினம் அன்றோ?

அதற்கும் வழியில்லாதவர் என்ன செய்வது? நம் சைக்கிற் கடைக்காரர் பழைய ரயரின் விளிம்புக் கம்பிகளை வெட்டி நீக்கி, நடுப்பட்டியை மட்டும் புதிய ரயருள் வைப்பது வழக்கம். இது நல்ல உபாயமே. ஆனால் பட்டியின் ஓரங்களைச் சீவி மெலிதாக்காவிட்டால் அவ்வோரங்களே ரியூப்பை உரஞ்சித் துளைத்துவிடும்.

எவ்வளவு நல்ல ரயரானாலும் காற்றில்லாமற் பயனில்லை. ரியூப்பிலிருந்து காற்று, துளை இல்லாமலே, மெல்ல மெல்லக் கசிவது இயல்பு. ஆதலால் வாரம் ஒருமுறை காற்றடித்தல் வேண்டும். எவ்வளவு அடிக்கலாம் என்பது ரயரின் பக்கத்திலே எழுதப்பட்டிருக்கும். பெரிய 28 அங்குலச் சைக்கிளுக்குச் சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தல் அளவு போதும். பந்தயச் சைக்கிளின் ஒடுங்கிய ரயருக்கு 80, 90 வேண்டும். சங்கிலி துடைக்கும் மண்ணெண்ணெயும், துருப் பிடியாமற் பூசும் தேங்காயெண்ணெயும் ரயரிற் படவிடாதீர்கள். எண்ணெய் இறப்பரை ஊதச் செய்து வலிமையைக் கெடுக்கும். வீடு திரும்பியதும் சில்லைச் சுழற்றிப் பார்த்து, பதிந்திருக்கும் கண்ணாடித் துண்டையும் முள்ளையும் நீக்குங்கள். இன்று மேலிறப்பரில் இருக்கும் துண்டே நாளை ரியூப்பைத் தொடப்போவது.

காற்றுப் போனபின் ரியூப்பை ஒட்டுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ரியூப்பை நீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் காண்பது எல்லாரும் அறிந்ததே. கண்டதும், அவ்விடத்தை ரயரோடு ஒப்பிட்டு, ரயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். குத்திய முள்ளை எடாமல் ரியூப்பை மட்டும் ஒட்டிப் பூட்டினால், அடுத்த சந்திக்குள் மீண்டும் இறங்க நேரும். துளையைச் சுற்றி அரத்தாளால் உரஞ்சி, பசையைப் பூசி, அது உலர்ந்து மினுக்கம் குறையும்வரை பொறுத்து, அதன்பின்னரே ஒட்டை வைத்து அழுத்துதல் வேண்டும். அவசரக்காரர் ஈரப்பசையில் வைத்த ஒட்டு நெடுநாள் நில்லாது.

அன்பர்களே, முட்படாத ரயர் என்று ஒன்று உலகில் இல்லை. முள்ளை எளிதில் உட்புகவிடாத ரயரே உண்டு. எனவே ரயரோடு கைத்தொழிலும் வேண்டும். ஒவ்வொரு பாடசாலையின் சைக்கிள் தரிப்பிடத்திலும் ஒரு காற்றுப் பம்பும், இரண்டு ரயர் நெம்பியும், ஓர் ஒட்டுப் பெட்டியும் இருப்பது பெருஞ்செலவு அன்று. ஆண் பெண் என்ற பேதமின்றி, ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ரியூப் ஒட்டக் கற்றுக்கொடுத்தல் கணிதமும் இலக்கணமும் கற்பித்தலுக்குக் குறைந்த பணி ஆகாது. தெருவிலே தன் வண்டியைத் தானே திருத்திக்கொண்டு புறப்படும் பெண்பிள்ளைக்கு, மாலை வகுப்பை மறுக்கும் தேவை பெற்றாருக்கு எழாது. இந்தத் தவணை விடுமுறையில் உங்கள் பிள்ளையின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுழற்றி, அதன் ரயரை ஒருமுறை கருத்தோடு பாருங்கள். நூற்படை வெளியே தெரிந்தால் அடுத்த மாதம்வரை தாமதியாதீர்கள்.